கூட்டிப் போட்ட ஐந்து

"நகருடா, மறைக்குது" என்றார் ஆர்லன்.

அப்பாவின் கன்னத்தில் நுரையைத் தடவிவிட்டு, சவரக் கத்தியோடு குனிந்திருந்த கர்ட், கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றான். டிவியில் சத்தமில்லாமல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அரிசோனாவில் மார்ச் மாத வெயில், பச்சைப் புல், தொப்பி போட்ட கூட்டம். இங்கே அயோவாவில், ஜன்னலுக்கு வெளியே, சாலையோரமாகத் தள்ளிவிட்ட பனி அழுக்கேறிக் கிடந்தது. சோபாவைக் கொட்டகைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கு ஆர்லன் நாற்பத்தைந்து போட்டார். "பேச்சு நல்லாருக்கு. ஆனா கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறான்" என்று காரணமும் சொன்னார்.

ஆர்லன் பீட்டிக்கு மார்க் போடாமல் இருக்கத் தெரியாது. அவர் பிழைப்பே அதுதான். ஒரு பெரிய பேஸ்பால் கிளப்பின் ஸ்கவுட் அவர். சின்ன லீக் மைதானங்களில் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, அங்கே ஆடுகிற பையன்களில் எவன் பெரிய லீக்குக்குத் தேறுவான், எவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்ல வேண்டும். இருபதிலிருந்து எண்பது வரைக்கும் மார்க். ஐம்பது என்றால் பெரிய லீக்கில் ஒப்பேற்றிவிடுவான். அறுபது என்றால் பெயர் வாங்குவான். நாற்பது என்றால் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், மட்டமான ஹோட்டல்களில் படுத்து எழுந்து, கடைசியில் சொந்த ஊருக்கு வந்து டயர் விற்க வேண்டியதுதான். எத்தனையோ பையன்களை ஆர்லன் டயர் கடைக்கு அனுப்பியிருக்கிறார். அதற்காக ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார். அவ்வளவு கறாராக இருப்பதற்குத் தனி மனசு வேண்டும். அது நல்ல மனசா என்று யாரும் கேட்டதில்லை.

பெற்ற பிள்ளைக்கும் அவர் நாற்பதுதான் போட்டார்.

அந்தக் கதை தெரியாத ஸ்கவுட் கிடையாது. கர்ட் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அதே கிளப் அவனைப் பந்து எறிபவனாக எடுத்துக்கொண்டது. உன் பையனைப் பற்றி நீயே சொல்லேன் என்று மேலே இருந்தவர்கள் விளையாட்டாகக் கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் நழுவியிருப்பார்கள். ஆர்லன் நாற்பது என்றார். அவர்கள் சிரித்தார்கள். சொந்தப் பிள்ளை என்பதற்காக இந்த நேர்மைக்காரன் பத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டி, தாங்களாகவே பத்தைக் கூட்டி ஐம்பது ஆக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர் நாற்பது என்பார், அவர்கள் பத்து கூட்டுவார்கள், கர்ட் வீட்டுக்கு அனுப்பப்படாமல் தப்பிப்பான். அவனுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. இன்னும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தான்.

அவன் அம்மா நடீன் காதுக்கு மட்டும் அந்தக் கதையில் நாற்பதுதான் வந்து சேர்ந்திருந்தது, மேலே இருந்தவர்கள் கூட்டிய பத்து வரவில்லை; ஒரு தடவைகூட அவள் அதற்குச் சிரித்ததில்லை. "பெத்த புள்ளைக்கு நாப்பது போட்ட மனுஷன்" என்று புருஷனைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. இப்போதுகூட, சாகக் கிடக்கிறவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே, அடுப்படியிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மார்ச் கடைசி. அரிசோனா முகாமில் ஆள் கழிக்கிற வாரம் அது. காலையில் உடை மாற்றும் அறைக்கு ஒருவன் வருவான். தோளைத் தட்டி, பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வா என்பான். அத்தோடு கதை முடிந்தது. பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கிற அணியில் ஓர் இடம் கிடைத்தால் கர்ட் பிழைத்தான், இல்லாவிட்டால் வீடு. லீவு வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தவன், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஓர் இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"இவன் யாரு?" என்றார் ஆர்லன்.

கர்ட் டிவியைத் திரும்பிப் பார்த்தான். பெரிய அணி ஆடுகிற பயிற்சி ஆட்டங்களில், ஆட்டம் முடிகிற நேரத்துக்குச் சின்ன லீக் பையன்களை இரவல் வாங்கி இறக்குவார்கள். அப்படி இறங்கியிருந்தான் எல்வின் பெகேரோ.

"எல்வின்ப்பா. டொமினிகன்காரன். என் ரூம்லதான் இருக்கான்."

ரூமில் சமைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தாலும், திருட்டுத்தனமாகச் சோறும் பீன்ஸும் வேகவைத்து, முதல் கரண்டியைக் கர்ட்டின் தட்டில் போடுகிறவன் எல்வின். கர்ட் கிளம்பிய அன்று பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரைக்கும் கூடவே வந்தான். அவனுக்கும் வேண்டியது அதே ஓர் இடம்தான்.

எல்வின் எறிந்த முதல் பந்து ஆள் மேலேயே போனது. அடுத்தது மண்ணில் குத்தியது. இப்படித் தப்பாகவே எறிந்தால் அடிக்கிறவனுக்கு ஓசியில் முதல் தளம்; எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் மட்டையை அசைக்காமலே நடந்து போனார்கள்.

"எப்பவும் இப்படித்தான். எங்க போகும்னு அவனுக்கே தெரியாது" என்றான் கர்ட்.

"பந்தப் பாக்காத. கையப் பாரு." ஆர்லன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். தண்ணீர் குடிக்கக்கூடத் தூக்காத தலை அது. "பேருதான் ஞாபகமில்ல, போன வருஷம் இவனப் பாத்திருக்கேன். கையத் தோளுக்கு மேல கொண்டுபோய் வீசுவான். இப்ப எறக்கியிருக்கான். பந்து கடைசில எப்படி விழுது, பாத்தியா? இன்னும் பழகல, அதான் தாறுமாறாப் போகுது. கோடை வரட்டும். ஒருத்தனும் கிட்ட வர முடியாது."

"முகாம்ல யாரும் அப்படிச் சொல்லலையேப்பா."

"எவன் பாத்தான்? எல்லாவனும் வேகம் காட்டற மெஷினப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்." அவருக்கு மூச்சு வாங்கியது. தலையைச் சாய்த்துக்கொண்டார். "அறுபது."

யாரைச் சொன்னாலும் பின்னாலேயே ஓர் 'ஆனா' வைத்திருப்பார் ஆர்லன். இதற்கு ஆனா வரும் என்று கர்ட் காத்திருந்தான். வரவில்லை. அப்பாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த முகத்தை வாழ்நாளெல்லாம் தன் பக்கம் திருப்பப் பார்த்தவன் கர்ட். தன் தட்டில் முதல் கரண்டி போடுகிறவன் மேல் அவனுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கன்னத்தில் ஒரு பக்கத்தை வழித்து முடித்துக் கத்தியைக் கிண்ணத்தில் அலசினான்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த நாப்பது. என் புள்ளையாச்சேன்னு பத்து கொறச்சுத்தானே போட்டீங்க? ஆமான்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

ஆர்லன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்வினை மாற்றிவிட்டு வேறொருவனை இறக்கியிருந்தார்கள்.

"கொறைக்கல" என்றார்.

"அப்ப நாப்பதுதானா?"

"முப்பத்தஞ்சு."

கர்ட் கத்தியைப் பிடித்தபடியே நின்றான்.

"அஞ்சு கூட்டிப் போட்டேன்" என்றார் ஆர்லன். "அதுக்கு மேல அவனுங்க பத்து கூட்டிக்குவானுங்கன்னு தெரியும். நாப்பத்தஞ்சு போட்டிருந்தா சந்தேகம் வந்திருக்கும்."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

"ஏன்ப்பா?"

ஆர்லன் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினார். வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பையன்களைப் பார்க்கிற அதே பார்வை.

"அத விட்டா நீ வேற எதுக்கு ஆவ?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. கேலியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று கர்ட்டுக்கு இருந்தது. "இந்தப் பக்கத்தையும் முடி. நுரை காயுது."

முடித்தான். கழுத்துக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்து, ஒரு கீறலும் இல்லாமல் வழித்தான்.

"கை நிதானமா இருக்கே" என்றார் ஆர்லன், கண்ணை மூடிக்கொண்டே. "பந்து எறியறப்ப இருந்திருக்கலாம்."

பிள்ளையிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலையில், நடீன் காபியோடு வந்து திரையை விலக்கியபோது, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு செத்துப்போயிருந்தார்.

நடீன் ஒப்பாரி வைக்கிற ரகமில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கொண்டு வந்த காபியைத் தானே குடித்தாள்.

"நேத்து உங்கிட்ட ஏதோ பேசிக்கிட்டிருந்தாரே, என்னடா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஆட்டத்தப் பத்திதாம்மா."

"சாகறப்பவாவது புள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்." புருஷனின் விறைத்த கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். "இவரோட எத்தன வருஷம் குடும்பம் நடத்தினேன். உனக்குப் போட்ட அந்த நாப்பத மட்டும் என்னால மன்னிக்கவே முடியல கர்ட். போய்ச் சேந்தாச்சு, இனிமேலயும் முடியாது."

நாற்பதே அதிகம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அடக்கம் செய்கிற அன்று காலையில் எல்வினிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. சர்ச்சுக்குக் கிளம்பும்போது காரில் உட்கார்ந்து கேட்டான். "கர்ட்டு, உங்கப்பாவுக்காக இங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன்டா. நம்ம ரெண்டு பேரும் ஒரே டீமுக்குப் போகணும்னும் சேத்து வேண்டிக்கிட்டேன். ஒரே மெழுகுவத்தில ரெண்டு வேண்டுதல், சாமி கோவிச்சுக்காதுல்ல? அம்மாவப் பாத்துக்க." பின்னால் சட்டி கொதிக்கிற சத்தம் கேட்டது. கர்ட் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பதில் அனுப்பவில்லை.

லூத்தரன் சர்ச்சில் ஊர்க்காரர்கள் முன்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். ஸ்கவுட்டுகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போனாலும் எல்லாம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவது அவர்களுக்குப் பழக்கம். மைதானத்தில் அவர்கள் கைதட்ட மாட்டார்கள், எந்தப் பையனுக்கும் ஆரவாரம் செய்ய மாட்டார்கள், முகத்தில் எதையும் காட்ட மாட்டார்கள். சாவு வீட்டிலும் அப்படியே இருந்தார்கள். பாதிரியார் பிரசங்கம் செய்து இறங்கியபோது, ஏர்ல் என்ற கிழட்டு ஸ்கவுட் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தார்: "ஆரம்பம் அம்பது. அப்புறம் கை தளந்துடுச்சு." சவப்பெட்டியைத் தூக்கப் போகிறவர்களையும் அளந்தார். "அந்த எடது பக்கத்துக்காரன் முதுகால தூக்குவான் பாரு. இடுப்பு செத்துப்போச்சு." ஆர்லன் உயிரோடு இருந்திருந்தால் அதற்குத் தலையாட்டியிருப்பார்.

அதற்குப் பிறகு டுவைட் பேச எழுந்தார். கிளப்பின் சின்ன லீக் அணிகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. ஆள் கழிக்கிற வாரத்தில் முகாமை விட்டுவிட்டு விமானம் ஏறி வந்திருக்கிறார் என்பதே ஆர்லனுக்குச் செய்த பெரிய மரியாதை.

"ஆர்லன் வாழ்க்கைல ஒரே ஒரு தப்புக் கணக்குதான் போட்டான்" என்றார் டுவைட். "அதுவும் தெரிஞ்சே போட்டான். சொந்தப் புள்ளைக்கு அம்பது போட வேண்டிய எடத்துல நாப்பது போட்டான். ஏன்? அப்பன் புள்ளைக்குச் சலுகை காட்டிட்டான்னு எவனும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னு. ஒவ்வொரு வருஷமும் நாங்க சிரிச்சுக்கிட்டே பத்து கூட்டிக்குவோம். அந்தப் பத்து இருக்கே, அதான்யா ஆர்லன் பீட்டியோட நேர்மை."

சர்ச் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தியது. கர்ட்டின் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். அம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதிருந்தவள் இப்போது தாரைதாரையாக அழுதுகொண்டிருந்தாள்.

"கேட்டியாடா? கொறச்சுதான் போட்டிருக்காரு. அவரும் உன்ன அம்பதுன்னுதான் நெனச்சிருக்காரு" என்றாள். "ஐயோ, நான் அவர எத்தன பேச்சு பேசிட்டேன்."

மண் இன்னும் பனியில் இறுகியே கிடந்ததால் குழி தோண்ட மெஷின் வைத்திருந்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்குச் சாப்பிடத் திரும்பினார்கள். சர்ச் பெண்கள் நீள மேசையில் பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டியும், பாலாடைக்கட்டி உருக்கி வேகவைத்த உருளைக்கிழங்கும், கலர்கலராக ஜெல்லியும் வைத்திருந்தார்கள். கர்ட் எதையும் தொடாமல் சுவரோரம் நின்றான்.

டுவைட் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எடம் பொருள் பாக்காமப் பேசறேன்னு நெனைக்காத. நாளைக்குக் காலைல பட்டியல் போட்டாகணும். ரெண்டு படி கீழ இருக்கற டீம்ல ஒரு எடம் பாக்கி. நீ இல்லன்னா அந்த எல்வின் பையன். அவனுக்குக் கை இருக்கு, கட்டுப்பாடு இல்ல. அவன இன்னொரு வருஷம் வச்சு வேடிக்க பாக்க எனக்குப் பொறுமை இல்ல. அன்னிக்கு டிவி ஆட்டத்துலயும் கேவலமா எறிஞ்சான்." காபியை ஒரு மிடறு குடித்தார். "ஆர்லன் இருந்திருந்தா அவனத்தான் கேட்டிருப்பேன். அவன் வார்த்தைக்கு மேல எனக்கு வார்த்தை கிடையாது. கடைசியா உன் கையப் பத்தி ஏதாவது சொன்னானா?"

கர்ட் எதிரே பார்த்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரிடமும் எதையோ சொன்னாள். கேட்டவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சொன்னார்" என்றான். "நானே கேட்டேன். அவர் கொறைக்கவே இல்ல சார். நான் முப்பத்தஞ்சுதானாம். அஞ்சு கூட்டிப் போட்டேன்னார்."

டுவைட் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். காபி தளும்பி அவர் சட்டைக் கையில் வழிந்தது.

"ஏர்ல்! இங்க வாய்யா, இதக் கேளு. சாகறப்பவும் கொறச்சிருக்கான்யா! அஞ்சு கூட்டினேன்னு சொல்லியிருக்கான்!"

ஏர்ல் வந்து கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது கெடக்கட்டும். இவனப் பாரு. எடத்துக்குப் போட்டி நடக்கற நேரத்துல அத வந்து உங்கிட்டயே சொல்றான். அப்பனத் தப்பாமப் பொறந்திருக்கான்."

"நெஜமாவே சொன்னார் சார்" என்றான் கர்ட்.

"தெரியும்டா" என்று டுவைட் அவன் தோளை அணைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இதுக்கே உன்ன எடுக்கலாம்."

உண்மையைச் சொல்லியாயிற்று. யாரும் நம்பாவிட்டால் அவன் என்ன செய்ய முடியும்? கர்ட்டுக்கு உடம்பு லேசானது. அப்பா சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது. இன்னொரு தடவை சொல்லலாம். எனக்கு வேண்டாம், அவனை எடுங்கள் என்றும் சொல்லலாம். அதெல்லாம் அவனுக்குத் தோன்றத்தான் செய்தது.

டுவைட் கைக்குட்டையால் சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அவன் டிவில ஆட்டம் பாத்துக்கிட்டேதானே கெடந்திருப்பான்? வேற எந்தப் பையனப் பத்தியாவது சொன்னானா? எல்வின் எறங்கினானே, அதப் பாத்தானா?"

ஏர்லும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். செத்தவனின் கடைசி மார்க்கைக் கேட்க எந்த ஸ்கவுட்டுக்குத்தான் ஆசை இருக்காது?

"இல்ல சார்" என்றான் கர்ட். "அதுக்குள்ள தூங்கிட்டார்."

டுவைட் தலையாட்டினார். கோப்பையை ஏர்லின் கையில் கொடுத்துவிட்டு, கோட்டுகள் மாட்டியிருந்த பக்கமாகப் போய் போனை எடுத்தார். அவருக்குப் போனில் மெதுவாகப் பேச வராது.

"ஆமா, டொமினிகன் பையன்தான்... காலைல சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாலயே சொல்லிடு, அப்புறம் அழுதுகிட்டு நிப்பானுங்க. பையோட வரச் சொல்லு... டிக்கெட் நாளைக்கே போட்டுடு... இல்லய்யா, இது நான் ஆர்லனுக்காகச் செய்யறது."

நடீன் ஒரு தட்டை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது சிவந்த முகம், ஆனால் இத்தனை வருஷத்தில் கர்ட் பார்த்திராத தெளிவு அதில் இருந்தது. செத்த புருஷனோடு சமாதானமாகிவிட்டவளின் முகம்.

"வந்ததுலேர்ந்து நீ எதையும் ஒழுங்காத் தின்னல" என்றாள். "உக்காரு. அம்மா சொல்றேன்ல."

கர்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான். உருளைக்கிழங்கு சூடாக இருந்தது. பசித்தது. முதல் வாயை வேகமாகவும் இரண்டாவதை நிதானமாகவும் சாப்பிட்டான்.

"நல்லாருக்கா?" என்றாள் நடீன்.

"உப்புதாம்மா கொஞ்சம் கம்மி" என்று கையை நீட்டினான்.